வீசத்தில் பாதி

ஃப்ரீஸ்லாந்தின் வடக்கு ஓரம்.
பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஊரில்
ஒரு ஸ்கேட்டிங் அரங்கம்.
கூரைத் தகரத்தைக் கடற்காற்று தட்டிக்கொண்டே இருக்கிறது.
கண்ணாடி அறைக்குள் யிட்ஸ்கே.
முன்னால் ஒரு திரை,
ஆறிப்போன காபி,
உறை கிழித்த ஒரு மாத்திரை.

கடைக்கோட்டுக்கு மேலே ஒரு கேமரா.
அது வேறெதையும் பார்ப்பதில்லை.
மயிரிழை அகலத்தில் அந்தக் கோட்டை மட்டும்
நொடிக்கு ஈராயிரம் முறை பார்க்கிறது,
பார்த்த கீற்றுகளைப் பக்கம் பக்கமாய் ஒட்டுகிறது.
அந்தப் படத்தில் அகலம் என்பது நேரம்.
ஓடி வந்தவர்களுக்கே அதில் உருவம் உண்டு.
கோட்டின் மேல் நின்றுவிட்டது எதுவோ,
ஒரு காகிதத் துண்டு, யாரோ தவறவிட்ட கையுறை,
அது படம் முழுக்க இழுபட்ட கறையாய்த் தெரியும்.

ஐந்நூறு மீட்டர். ரிக்ஸ்ட், பௌக்யே.
அரங்கம் ஒரே குரலாய்க் கத்தி ஓய்ந்தது.
பலகையில் இருவருக்கும் ஒரே எண்,
ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும்.

"பெரிதாக்கு" என்கிறான் ஹெர்பன்.
பெரிதாக்குகிறாள்.
இரண்டு எஃகு நுனிகள்,
நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ.
அதில் அரை, கால், அரைக்கால்,
வீசம்,
வீசத்தில் பாதி.
எந்தக் கீற்றிலும் ஒரு காலும் நகரவில்லை.
கோட்டுக்கு இப்பால் நிற்கிறது.
அடுத்த கீற்றில் அப்பால் நிற்கிறது.
கடந்தது எப்போது?
கடப்பதற்கென்று ஒரு கீற்று அதில் இல்லவே இல்லை.

அவளுக்கு இது புதிதல்ல.
போன மார்ச்சில் டௌவே வீட்டைவிட்டுப் போனதிலிருந்து
இதே வேலைதான்.
பதினேழு வருடம். எங்கே முறிந்தது?
நடுவில் வெட்டிப் பார்த்தாள்:
குளியலறைக்குப் பச்சை ஓடு பதித்த கோடை.
மூக்கில் பசை பூசிக்கொண்டு சிரித்தார்கள்.
மிச்சத்தில் பாதி:
மழையில் குனிந்து அவளுடைய சைக்கிள் சங்கிலியை
அவன் மாட்டிக்கொடுத்த சாயங்காலம்.
அதற்கப்புறத்திலும் பாதி:
ஒரு வியாழன். பட்டாணி சூப்.
"உப்பு" என்றான். எடுத்துக் கொடுத்தாள்.
விரல் பட்டது.
எந்த நாளை நிறுத்திப் பார்த்தாலும்
அந்த நாளில் அவன் போய்க்கொண்டிருக்கவில்லை.
இருந்தான்.
இருந்து இருந்தே போயிருக்கிறான்.
கோட்டின் மேல் நின்றுவிட்டவள் இவள்.

இரவில் மாத்திரையை நகத்தால் உடைப்பாள்.
முழுசாய்ப் போட்டால் மறுநாள் கண்ணில் பஞ்சு அடைத்திருக்கும்,
இந்த வேலைக்கு ஆகாது.
பாதி. பாதியில் பாதி.
கடைசியில் தலையணை உறையில் கொஞ்சம் வெள்ளைத் தூள்.
தூக்கமும் அப்படித்தான்,
பாதி வழி வந்து நிற்கும்,
மீதியில் பாதி வந்து நிற்கும்.
ஆனாலும் ஆறரை மணி
ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை.

"சொல்லு, டிவிக்காரர்கள் காத்திருக்கிறார்கள்."
இன்னும் பெரிதாக்கலாம்.
ஆக்கினால் எஃகு கரைந்து
கட்டம் கட்டமாய் நிறம் மட்டும் மிஞ்சும்.
கேமராவும் இமைக்கிறது என்று
அப்போதுதான் அவளுக்குப் பட்டது,
ஒரு கீற்றுக்கும் அடுத்த கீற்றுக்கும் நடுவே.
உலகம் அந்த இமைப்பில்தான்
சத்தமில்லாமல் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.
ரிக்ஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்து
ஷூ கயிற்றை அவிழ்த்து முடித்துவிட்டாள்.
பௌக்யே ஒரு வாழைப்பழத்தைப் பாதியாய்ப் பிய்த்து
அவளிடம் நீட்டுகிறாள்.
எது பெரிய பாதி என்று இருவருமே பார்க்கவில்லை.
பனியைச் சீவும் வண்டி மெதுவாக வந்து
அவர்கள் கடந்த கோட்டின் மேல்
வெந்நீர் ஊற்றிப் போகிறது.
நாலு நிமிடம் ஆகியிருக்கிறது.
அதில் ஒரு நொடியையும் யாரும் தள்ளிவிடவில்லை.

"சமம்" என்று எழுதுகிறாள்.
கீழே, கையெழுத்துக்குப் பக்கத்தில்,
நேரம் எழுத ஒரு சின்னக் கட்டம்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிரப்புகிறாள்:
மூன்றே முக்கால், ஏறக்குறைய.